குளிர்க்கோட்டுக்குப் பதினொரு பாடங்கள்

வானொலியில் இந்த வாரமும் அதே வாக்குவாதம். ஒரு தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போகப்போவதாகச் சொல்கிறது. போகாமல் இருந்தால் பணம் தருவதாக அரசாங்கம் சொல்கிறது. வேலைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார் அமைச்சர். மிரட்டியவர்களுக்குக் கப்பம் கட்டியிருக்கிறீர்கள் என்கிறார் எதிர்க்கட்சிக்காரர். தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி இருவருமே மிகுந்த அக்கறையோடு பேசுகிறார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படிப் பேசப்பட்ட குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அன்றைக்குக் குரல்கள் வேறு. வசனங்கள் ஏறத்தாழ இவைதான்.

நாங்கள் மொன்றியலின் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இருந்தோம். அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலைதான். அம்மா குளிர்க்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில், தைத்து முடிந்த கோட்டுகளைச் சோதிக்கும் மேசையில் நின்றார். அங்கே முன்பு வேறு இரண்டு தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். இருவரும் டொரோண்டோவுக்குப் போன பிறகு அம்மா மட்டும் மிஞ்சினார்.

அவருக்கு அங்கிருந்த ஒரே துணை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஹெய்ட்டிப் பெண். நாங்கள் அவரைக் கீழ்வீட்டு மதாம் என்போம். அவர் கோட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி தைப்பவர். காலையில் இருவருக்கும் ஒரே பஸ், மதியம் ஒரே சாப்பாட்டு மேசை. அம்மாவுக்கு ஐம்பது பிரெஞ்சுச் சொற்கள் தெரியும். மதாமுக்குத் தமிழில் 'சாப்பிட்டீங்களா' மட்டும் தெரியும். இவற்றை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடப் பயணத்தில் அவர்கள் ஓயாமல் எப்படிப் பேசினார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. மதாமுக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். அம்மா ஓவர்டைம் செய்துவிட்டு ஆறு மணிக்கு வருவார். இடைப்பட்ட நேரத்தை நான் மதாமின் சமையலறையில் கழித்தேன்.

அந்த வருடம் முதல் பனி விழுந்த வாரத்தில், தொழிற்சாலை வெளிநாட்டுக்கு மாறுவதைப் பற்றி யோசிப்பதாக நிர்வாகம் அறிவித்தது. அரசாங்கம் உடனே பேச்சுவார்த்தைக்கு இறங்கியது. ஒருநாள் அமைச்சரே வந்தார். அவர் வருவதற்கு முதல்நாள் எல்லோருக்கும் புது ஏப்ரன் கொடுத்தார்கள். போன மறுநாள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரவுச் செய்தியில் அமைச்சரின் தோளுக்கு மேலே அம்மாவின் ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன.

"காசு குடுத்தா நிப்பினம் எண்டால், கூடக் குடுக்கிறவன் கூப்பிட்டாப் போவினம்தானே," என்றார் அப்பா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கணக்காகப் பேசுவார்.

"நீங்க உங்கட தக்காளியப் பாருங்க," என்றார் அம்மா.

சில நாட்களுக்குப் பிறகு மேற்பார்வையாளர் அம்மாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் அச்சிட்ட பதினொரு தாள்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு பாடம். கோட்டை எப்படிச் சோதிப்பது, எந்தத் தையலை எங்கே இழுத்துப் பார்ப்பது என்று படிப்படியாக எழுதியிருந்தது. அவற்றைத் தமிழில் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து தர வேண்டும். புதிய ஊழியர்களுக்கான பயிற்சி என்று சொன்னாராம். அரசாங்கத்தோடு பேச்சு நடக்கும் நேரம் என்பதால் இது வெளியே போகக் கூடாது, உதவி செய்தவர்களை நிர்வாகம் மறக்காது என்றும் சொன்னாராம்.

"இது ஃபக்டரி விசயம். ஆரிட்டயும் சொல்லப்படா, புள்ள," என்று அம்மா என்னிடம் சொன்னார். என்னிடம் சொல்லாமல் இருக்க அவருக்கு வழியில்லை. பிரெஞ்சை வாசிக்க வீட்டில் நான்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு நாங்கள் இருவரும் உடுப்பு அலுமாரிக்குள் போவோம். வீட்டில் சத்தம் குறைந்த இடம் அதுதான். மேலே தொங்கும் கோட்டுகள் முகத்தில் இடிக்க, சப்பாத்துப் பெட்டிகளின் மேல் அமர்ந்துகொள்வோம். நான் டார்ச் அடித்து வாசித்து, என்னுடைய சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழில் பொருள் சொல்வேன். அம்மா அதைத் திருத்தித் தன் வாயால் பதிவுசெய்வார். ரயில் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம்.

"வணக்கம் சகோதரிகளே. இன்று நாம் கோட்டின் கைப்பகுதியைக் கவனிப்போம்," என்று அம்மா ஆரம்பித்த முதல் நாள் நான் சிரித்துவிட்டேன்.

"ஏம்மா இப்பிடிக் கதைக்கிறீங்க? நாடகத்தில வாற டொக்டர் மாதிரி."

"அவங்களுக்கு விளங்கோணுமே."

"எவங்களுக்கு?"

"புதுசா வேலைக்கு வாற புள்ளையளுக்கு."

"தமிழ் ஆக்களா? எத்தின பேர்?"

அம்மா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "நிறையப் பேர்," என்றார்.

எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. அவர்கள் அம்மாவோடு மதியம் ஒரே மேசையில் இருப்பார்களா என்று கேட்டேன். இருப்பார்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டேன். "வருவாங்க, வருவாங்க. நீ அடுத்ததை வாசி." நத்தார் பண்டிகைக்கு வந்தால் எல்லோருக்கும் கதிரை போதாதே என்றேன். நிலத்தில் பாய் போடலாம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அலுமாரிக்குள் அந்தப் பெண்களைப் பற்றிப் புதிது புதிதாகக் கேட்டேன். அம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. அவர்களில் ஒருத்திக்கு நன்றாகப் பாட வரும் என்று ஒருநாள் அவராகவே சொன்னார்.

பாடங்களை அவர் தாளில் உள்ளபடி விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு கோட்டின் முன்பக்கச் சிப்பை ஐந்து முறை திறந்து மூட வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அம்மா தொடர்ந்தார்: "இதைப் போடுற புள்ள விடியக்காலையில பஸ்ஸுக்கு நிப்பா. கை விறைச்சுப் போயிருக்கும். கையுறையக் கழட்டேலாது. சிப் இறுகினா அவ நெஞ்சு திறந்தபடிதான் நிக்கோணும். அதை நினைச்சுக்கொண்டு பாருங்க."

"அது பேப்பரில இல்லை," என்றேன்.

"பேப்பர் எழுதினவர் காரில போறவர் போல."

இன்னொரு பாடத்தில் குளிர் என்றால் என்னவென்று விளக்கினார். ஐஸ் பெட்டிக்குள் கையை வைத்து நூறு வரை எண்ணுங்கள், எடுக்காதீர்கள், அதுதான் எங்களுக்குத் தை மாதம் என்றார். மொன்றியலுக்கு வேலைக்கு வரப்போகிறவர்களுக்குக் குளிரை ஏன் விளக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பெண்கள் எங்கும் வரப்போவதில்லை, வேலைதான் அவர்களிடம் போகப்போகிறது என்பது அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். மதாமிடம் அதைச் சொல்லவும் முடியாமல், அவரோடு தினமும் ஒரே இருக்கையில் பயணம் செய்தார்.

பதினோராவது பாடம் முடிந்த வாரத்தில் ஒரு பிற்பகல், மதாமின் சமையலறைத் தொலைக்காட்சியில் சட்டசபை விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் வாங்கிய பிறகு அவர்கள் போகமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எதிர்க்கட்சிப் பெண் ஒருவர் கேட்டார். அமைச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். மதாம் வாழைக்காயைத் தோலுரித்தபடி, இந்த வயதில் எனக்கு யார் வேலை தரப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் குரலைக் கேட்க எனக்குக் கவலையாக இருந்தது. ஆரிட்டயும் சொல்லப்படா என்று அம்மா சொன்னதில் மதாமும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயப்படாதீர்கள் மதாம், மூடமாட்டார்கள் என்று பிரெஞ்சில் சொன்னேன். இன்னும் நிறையப் பேரை எடுக்கப்போகிறார்கள். அம்மாதான் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்.

"எந்த மொழியில்?" என்றார் மதாம்.

"தமிழில்."

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். "அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், செல்லம்?"

"தெரியாது. வருவார்கள்."

"எத்தனை பாடம்?"

"பதினொன்று. எல்லாம் முடிந்துவிட்டது," என்றேன். பிரெஞ்சை வாசித்தது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மதாம் பொரித்த வாழைக்காயை எனக்குத் தட்டில் வைத்துவிட்டு, குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவர் முந்தைய பஸ்ஸில் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அம்மா பஸ் தரிப்பிடத்தில் தனியாக நிற்பதை மேலிருந்து பார்த்தேன். அவர் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார். அந்த வாரத்தோடு பிற்பகல்களில் நான் கீழ்வீட்டுக்குப் போவதும் நின்றது. மதாமுக்குச் சுகமில்லை என்று சொல்லி அம்மா என் கழுத்தில் வீட்டுச் சாவியை நூலில் கட்டிவிட்டார். ஆறு மணிவரை தனியே இருக்க முடியாமல் நான் கீழே இறங்கி, மதாமின் கதவுக்கு வெளியே படியில் அமர்ந்து அவருடைய தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் இருமவில்லை. சுகமில்லாதவர் போலத் தெரியவில்லை.

பிறகு நடந்தவை செய்திகளில் வந்தன. தொழிற்சங்கம் ஒலிப்பதிவுகளைப் பற்றிக் கேட்டது. அவை வெறும் உள்ளக ஆவணங்கள் என்றது நிர்வாகம். விளக்கம் கேட்டிருப்பதாக அமைச்சர் சொன்னார். சட்டசபையில் அந்த எதிர்க்கட்சிப் பெண், "தமிழில், அமைச்சர் அவர்களே, தமிழில்," என்று இருமுறை சொன்னார். எங்கள் மொழியின் பெயரை அந்தப் பெட்டிக்குள் நான் கேட்டது அதுதான் முதல் முறை. அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அம்மா, டிவியில தமிழ் எண்டு சொன்னாங்க."

அம்மா கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே அமர்ந்துவிட்டார்.

அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு யார் வெளியே சொன்னது என்று கேட்டார்கள். நான்தான், மதியச் சாப்பாட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று அம்மா சொன்னாராம். இதை அப்பா என்னிடம் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது.

வசந்த காலத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தையல் பகுதி வெளிநாட்டுக்குப் போகும். துணி வெட்டுவதும் கடைசிச் சோதனையும் இங்கேயே நிற்கும். வேலைகள் காப்பாற்றப்பட்டன என்றார் அமைச்சர். வேலைகள் பறிபோயின என்றார் அந்த எதிர்க்கட்சிப் பெண். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அம்மா காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர், மதாம் மற்றவர்களில் ஒருவர். சாப்பாட்டு அறையில் யாரும் அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவர் வந்து உட்காரும் நேரம் மற்றவர்களுக்குச் சாப்பிட்டு முடிந்திருக்கும், அவ்வளவுதான். சில நாட்களில் அவர் காலையில் கொண்டுபோன சோற்றை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதிதான் பாதி நகரம் வீடு மாறும். மதாமும் அன்றைக்குத்தான் போனார், தங்கையின் வீட்டுக்கு. நான் கீழே இறங்கிப் போய் மேசைவிளக்கொன்றையும் ஒரு பை நிறையப் பாத்திரங்களையும் லொறிவரை தூக்கிக்கொடுத்தேன். அவர் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, நன்றாகப் படி என்றார். பிறகு தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். திரை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் அம்மா நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் மூன்று மாடியும் ஓடி ஏறினேன்.

"கீழ வாங்கம்மா. அவ போறா."

"வேலையா நிக்கிறாங்க. போய்க் கரைச்சல் குடுக்கப்படா."

"பாத்துக்கொண்டு நிக்கிறா. உங்களத்தான்."

அம்மா அசையவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நீங்கதான் அவவோட கதைக்காம விட்டீங்க. ஒருநாளும் கீழ போகேல்ல. அதாலதான் எங்கள அவக்குப் பிடிக்காமப் போச்சு. எல்லாம் உங்களாலதான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கழுத்தில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"ஓம் புள்ள," என்றார். "என்னிலதான் பிழை."

வெளியே லொறி புறப்பட்டது. அம்மா தன் பிழையை ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அன்று கனடா தின விடுமுறை, அவர் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். என்னோடு ஏதேதோ கதைக்கப் பார்த்தார், பழம் வெட்டித் தந்தார், சாப்பிட மூன்று முறை கூப்பிட்டார். நான் ஒரு சொல் பேசவில்லை. அப்பா சந்தையிலிருந்து வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.