இளைப்பாறினார் என்று ஒரு செய்தி

பழைய மாணவர் சங்கப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் இரண்டே வகை: பதவி உயர்வு கிடைத்தவர்கள், கிடைத்தவர்களைப் பிடிக்காதவர்கள்.

எங்களுடையது தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் இருந்த சின்னக் கல்லூரி. எங்கே படித்தாய் என்று கேட்டுவிட்டு, "ஓ, அந்தப் பெரிய காலேஜ் காம்பவுண்டா?" என்பார்கள். அதைத் தாண்டி என்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தோம். நானும் ஞானராஜும் ஆசிரியர்கள். ஞானராஜ் என்னோடு படித்து, அதே கல்லூரியில் ஆங்கில டியூட்டராகச் சேர்ந்தவர். நான் பீச் ஸ்டேஷன் பக்கத்து அலுவலகம் ஒன்றில், மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு எண் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை நாலு பேர் படித்தது இந்தப் பத்திரிகையில் மட்டும்தான். ஏதாவது ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வரி

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் எங்களைத் தேடி வருவார். அவருடைய மகன் எங்களுக்கு இரண்டு வருஷம் இளையவன். மகன் ஒரு வரிகூட எழுதியதில்லை. அப்பாதான் அவனுடைய செய்தி இலாகா. பாங்கில் சேர்ந்தது, கோயமுத்தூருக்கு மாற்றலானது, ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தது எல்லாம் அவர் சொல்லித்தான் பத்திரிகையில் வந்தன.

ஒரு முறை அவர் நாங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பத்திரிகை எத்தனை வீடுகளுக்குப் போகிறது, அந்த வீடுகளில் பெண்களும் படிப்பார்களா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கடைசியில 'ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை'ன்னு ஒரு வரி போட்டுடுங்கோ. புரிஞ்சுக்கறவா புரிஞ்சுப்பா."

வரும் நிகழ்ச்சிகள்

கடைசிப் பக்கத்தில் 'வரும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு பகுதி உண்டு. பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் கிரிக்கெட், கிறிஸ்துமஸ் பாட்டு, ஆண்டுக் கூட்டம். அச்சகம் பல்லாவரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை சந்தை நாளில் எங்கள் வேலை ஓடாது. அன்று அந்தத் தெருவுக்குள் போகவே முடியாது. போனாலும் அச்சக முதலாளி சந்தையில் இருப்பார். மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகைகள் முந்திக்கொள்ளும். எங்கள் பத்திரிகை தபாலில் சேர்ந்து ஆளைப் போய் அடையும்போது கிரிக்கெட் முடிந்து, தோற்றவர்கள் சமாதானமும் ஆகியிருப்பார்கள்.

ஞானராஜ் ஒரு நாள் கோபத்தோடு போய்க் கேட்டார். முதலாளி சாந்தமான மனிதர். புரூஃபை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், 'வரும்'ங்கிறத எடுத்துடுங்க. வெறும 'நிகழ்ச்சிகள்'னு இருந்தா எப்ப போய்ச் சேந்தாலும் தப்பில்ல பாருங்க."

உலை

ஆண்டுக் கூட்டம் பொங்கல் விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமையில் நடக்கும். சாப்பாடு ஹாஸ்டல் மெஸ்ஸில். அங்கே தலைமைச் சமையல்காரர் முனுசாமி. நாங்கள் மாணவர்களாக இருந்தபோதே அவர்தான். முந்தின வருஷம் வருகிறோம் என்று எழுதியவர்களை நம்பி அவர் சமைத்தார். வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கினார்கள். அன்று ராத்திரியும் மறுநாளும் ஹாஸ்டல் பையன்கள் எங்கள் விருந்தைச் சாப்பிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஆளே வராத சங்கத்துக்குப் பத்திரிகை எதற்கு என்றார். இந்த வருஷமும் ஹால் காலியாக இருந்தால் பத்திரிகையை நிறுத்திவிட்டு, கல்லூரி ஆண்டு மலரில் எங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதாகச் சொன்னார். வெளியே வந்து நேராக மெஸ்ஸுக்குப் போய், இந்த வருஷம் நிறையப் பேர் வருவார்கள் என்று முனுசாமியிடம் சொல்லிவைத்தோம். அவர் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "காயிதத்துல வர்றவனுக்கெல்லாம் நான் உலை வைக்க மாட்டேன் சார். ரயில்ல இருந்து எறங்கினானா, ஆள வுட்டு சொல்லு, வைக்கிறேன்."

யாழ்ப்பாணத்துச் சேதி

அடுத்த இதழ் தயாராகிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய மாணவர் இரண்டு வரி எழுதியிருந்தார். 'எங்கள் செல்லத்துரை வார்டன் சென்ற மாதம் இளைப்பாறினார். சங்கத்தாருக்கு அறியத் தரவும்.'

செல்லத்துரை எங்கள் காலத்து ஹாஸ்டல் வார்டன். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். யாராக இருந்தாலும் தம்பி என்பார். ஒரு முறை பிஷப்பையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்க முனுசாமிக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பி, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரானார்.

எனக்கு அந்த வரி பிடிபடவில்லை. வயதானவர் கொஞ்சம் இளைப்பாறினால் அதைக் கடல் தாண்டி எழுதுவார்களா? ஞானராஜிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் பாதிக்குப் பாதி கற்களில் அந்தச் சொல்தான் வெட்டியிருக்கிறது என்றார். சொல்லுக்கு அர்த்தம் என்று வந்தால் நான் அவரோடு வாதாடுவதில்லை. அன்றைக்கே உட்கார்ந்து முதல் பக்கத்துக்கு எழுதினார். கறுப்புக் கட்டம். 'கர்த்தருக்குள் இளைப்பாறினார்' என்று தலைப்பு. கீழே ஆண்டுக் கூட்டத்தின் அறிவிப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் இரங்கல்.

அந்த இதழ் மட்டும் எப்படியோ வேளையோடு போய்ச் சேர்ந்தது. பத்திரிகை கிடைத்தது என்றுகூட ஒரு நாளும் எழுதாதவர்கள் எழுதினார்கள். சேலத்திலிருந்து, பம்பாயிலிருந்து, நெய்வேலியிலிருந்து வருகிறோம் என்றார்கள். குரோம்பேட்டைப் பெரியவர் மகனை லீவு போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஞானராஜுக்குச் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. கையில் இருந்த கடிதங்களை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பாரேன், போயும் நமக்கு ஹால் ரொப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கார்."

தாம்பரம் ஸ்டேஷனில்

கூட்டத்தன்று காலையில் வருகிறவர்களை எதிர்கொள்ள, சங்கத்தின் பெயர் எழுதிய அட்டையோடு நான் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றேன். மின்சார ரயில்களில் வந்தவர்களைக் கும்பல் கும்பலாக அனுப்பிவைத்தேன். மனசுக்குள் முதல்வரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமேஸ்வரத்து ரயில் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது.

வேட்டி, கோட்டு, கொஞ்சம் இளைத்த உடம்பு. என் அட்டையை எழுத்துக்கூட்டுவதுபோல் நிதானமாக வாசித்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து விரித்தார். இலங்கைக்கும் பிரதி போகிறது என்பதை நாங்கள் இருவரும் மறந்துவிட்டிருந்தோம். மெட்ராஸில் மகள் வீட்டுக்கு வர ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாராம். பத்திரிகையைப் பார்த்துப் பயணத்தைக் கூட்ட நாளுக்கு முன்கூட்டி வைத்துக்கொண்டாராம். கறுப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, ஒரு கணக்கில் பிழை காட்டுகிற குரலில் சொன்னார்: "தம்பி, நான் பள்ளிக்கூடத்திலயிருந்துதான் இளைப்பாறினனான். எங்கட ஊரில பென்ஷன் எடுக்கிறதுக்கு அப்பிடித்தான் சொல்லுறது."

மெஸ்ஸின் பின்வாசல்

இரங்கல் கேட்க வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் இவரை எப்படிக் கொண்டுபோவது? ஏமாற்றிக் கூட்டம் சேர்த்தோம் என்று நினைத்துவிட்டால், அதுவும் முதல்வருக்கு எதிரில், பத்திரிகை அன்றோடு சரி. குதிரை வண்டியை மெஸ்ஸின் பின்வாசலுக்கு விடச் சொன்னேன். உள்ளே முனுசாமி பெரிய அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே அன்று சொதி வைத்திருந்தார். வார்டன் நேராகப் போய்க் கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். எலுமிச்சம்பழம் காணாது, இன்னும் பிழிய வேண்டும் என்றார்.

முனுசாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா சார் நீ, ஆளு குத்துக்கல்லாட்டம் கீறாரு, நான் காலைல இருந்து அழுதுகினே தேங்கா துருவிக்கினு கீறேன்."

ஹால்

வார்டனும் நானும் பின்கதவு வழியாக ஹாலுக்குள் நுழைந்தபோது ஞானராஜ் பேசிக்கொண்டிருந்தார். இடமில்லாமல் சிலர் ஜன்னலோரம் நின்றார்கள். நிறுத்தச் சொல்லி மேடைக்குப் போக நான் நகர்ந்தேன். வார்டன் என் முழங்கையைப் பிடித்தார். நன்றாகச் சொல்லுகிறார், முடிக்கட்டும் என்றார். கடைசி பெஞ்சில் இருந்த, அவரைப் பார்த்திராத பிந்திய வருஷத்துப் பையன்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில் தலையாட்டினார். எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றபோது அவரும் எழுந்து நின்றார்.

மௌனம் முடிந்து ஞானராஜ் நிமிர்ந்து பார்த்தபோதுதான் கடைசி பெஞ்சைக் கண்டார். கையிலிருந்த காகிதம் நழுவியது. எல்லாத் தலைகளும் திரும்பின. வார்டன் நின்றபடியே, வந்ததற்கு நன்றி சொன்னார். பிள்ளைகள் எல்லாருக்கும் தொப்பை விழுந்துவிட்டது என்றார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இல்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் சாப்பிடப் போகவே நேரமாயிற்று. பம்பாய்க்காரர் அழுதுகொண்டே சொதியை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வரை யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை.

முதல்வர் கார் ஏறும்போது எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஞானராஜ் என் பின்னால் நின்றார். "பத்திரிகை நடக்கட்டும்," என்றார் முதல்வர். "அடுத்த வருஷம் யாரை இளைப்பாற வைக்கப் போறீங்கன்னு மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க."

திருத்தம்

அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். ஞானராஜ் மூன்று நாள் யோசித்தார். 'இளைப்பாறவில்லை' என்று போட்டால் யாழ்ப்பாணத்தில் அவருடைய பென்ஷனுக்குச் சிக்கல் வரும் என்று பயந்தார். கடைசியில் நேர்மையாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு பல்லாவரம் போனோம். 'சென்ற இதழில் திரு. செல்லத்துரை இளைப்பாறினார் என்று இருப்பதை, இளைப்பாறினார் என்று திருத்தி வாசிக்கவும்.'

அச்சக முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். "அச்சு கோத்தது அப்படியே இருக்கு சார், மறுபடி அதையே போட்டுடறேன். கட்டத்தை மட்டும் எடுத்துடவா?"

அன்றிலிருந்து வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி 'பென்ஷன் வாங்குகிறார்' என்றுதான் போடுகிறோம். பென்ஷன் வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் எந்த நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.