கடைக் கண்ணாடியில் ஒட்டிய முகங்கள்

லண்டன் நோர்பரியில் பால் வாங்கப் போகும் நாங்கள் முதலில் பார்ப்பது பாலை அல்ல, யார் செத்தது என்பதைத்தான். சேவியர் அண்ணையின் பலசரக்குக் கடைக் கண்ணாடி முழுக்க மரண அறிவித்தல்கள். கோட்டும் டையும் போட்ட முகம், கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம், பாஸ்போர்ட் படத்தைப் பெருப்பித்ததில் திகைத்துப்போய் நிற்கும் முகம். எல்லாவற்றையும் வாசித்த பிறகே கதவைத் தள்ளுவோம். நான் பஸ் ஓட்டுகிறவள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது என் கண் அந்தப் பக்கம் போய்விடும். புது முகம் ஒன்று தெரிந்தால், அது யார் என்று அன்றைய ஷிப்ட் முழுவதும் மண்டை குடையும்.

எங்கள் ஊர் மன்னாரில் இதற்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மாதா கோவில் மணி ஒரு விதமாக அடித்தால் செத்தவீடு என்று தெரியும். பிறகு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ பெயரைச் சொல்லிக்கொண்டு தெருத் தெருவாகப் போகும். இங்கே அப்படி ஒரு ஓட்டோவை விட்டால் பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதிவிடுவார்கள். அப்பாவோடு கடலுக்குப் போன மரியதாஸ் மாமா இதே லண்டனில் வாழ்ந்தார் என்பதை, நான் வந்த புதிதில் இந்தக் கண்ணாடிதான் எனக்குச் சொன்னது. அடக்கத்துக்குப் போனேன். அங்கே பாதி மன்னார் நின்றது. இந்த ஊரில் நான் தனியாள் என்ற எண்ணம் அன்றோடு விட்டுப்போயிற்று.

இந்த வருடம் கவுன்சிலுக்கு எங்கள் தெருவை ‘ஆசிய வட்டாரம்’ ஆக்கும் ஆசை வந்தது. விளக்குக் கம்பங்களில் யானைப் படம், கடைகளுக்கு இலவசமாகத் தாமரை வரைந்த பெயர்ப்பலகை. ஒரே நிபந்தனை, கண்ணாடியில் எதுவும் ஒட்டக்கூடாது. திட்டத்தோடு வந்த இளம் அதிகாரி நல்ல பிள்ளை. முகங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர்களில் யார் தேர்தலில் வென்றது என்று என்னிடம் கேட்டாள். எல்லாரும் இறந்தவர்கள் என்றேன். முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். ஆனால் நிபந்தனையை மாற்ற அவளால் முடியாதாம்.

அண்ணையின் பழைய பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. புதுசு இலவசம் என்றதும் அவர் மனம் இளகியது.

“செத்தவனைக் காட்டி யாவாரம் செய்யிறம் எண்டு வெள்ளைக்காரர் நினைப்பினம், பிள்ளை. திங்கக்கிழமை எல்லாத்தையும் கழட்டுவம்” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னார்த் தீவில் நான் கண்டது யானையை அல்ல, கழுதையை. அதைக் கம்பத்தில் வரைவார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர மனம் மாறவில்லை. இனி யார் செத்தாலும் தெரியாமல் பால் மட்டும் வாங்கிப் போகவேண்டியதுதான்.

சனிக்கிழமை ஜோன் கடைக்குள் வந்தார். பக்கத்தில் சலூன் வைத்திருந்த வெள்ளைக்காரர் பீட்டரின் மனைவி. அந்த வாரம்தான் பீட்டர் ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தார். அவருடைய படம் ஜோனின் கையில் இருந்தது. எங்கள் கண்ணாடி எதற்கென்று ஜோனுக்கு எப்போதோ விளங்கியிருந்தது, யாரும் சொல்லவில்லை. அதில் வெளியாட்களுக்கும் இடம் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பீட்டரிடம் முடிவெட்டிக்கொண்டவர்களுக்கு வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லையாம்.

அண்ணை படத்தை வாங்கிக் கண்ணாடியில் இடம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கவுன்சில் பிள்ளைக்குப் பெயர்ப்பலகை வேண்டாம் எண்டு சொல்லிவிடு. ஆனை இல்லாமலும் கடை ஓடும்.”

அறிவித்தலை எழுத நான் உட்கார்ந்தேன். எங்கள் வழக்கப்படி முதலில் பிறப்பிடம், அடுத்து வதிவிடம். பிறந்தது எங்கே என்றேன். நோர்பரி என்றார் ஜோன். வாழ்ந்தது எங்கே என்றேன். இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு, நோர்பரி என்றார். பீட்டரை நடுவில் ஒட்டினோம். அத்தனை முகங்களில் இரண்டு வரியிலும் ஒரே ஊர் அவர் ஒருவருக்குத்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். என் முறை வரும்போது மன்னாரையும் நோர்பரியையும் ஒரே அளவு எழுத்தில் போடவேண்டும் என்று அண்ணையிடம் சொல்லி வைத்தேன்.