மாமன் கொண்டுவந்த ஈரப் பாக்கு

ஈரப் பாக்குக்கு ஒரு வாடை உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் காய்ந்த கொட்டைப்பாக்கை மென்று பழகியவர்களுக்கு அது தெரியாது. தோலோடு தண்ணீரில் கிடந்து ஊறி, பாதி அழுகலும் பாதி இனிப்புமாக மூக்கில் ஏறும் அந்த வாடை எங்கள் சமையலறையில் ஒரு டப்பாவுக்குள் அடங்கிக் கிடந்தது. அம்மா மூடியைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன், தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டு வாடை தெரிந்துவிடக் கூடாது என்று. இன்றும் அந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு முதலில் வியர்க்கிறது.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். மேகாலயாவின் மலைக் கிராமங்களுக்கு போர் போடப் போனவர் அங்கிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா வந்த சில வருடங்களிலேயே, போனில் கேட்டால் சங்ககிரியில் பிறந்து வளர்ந்தவள் என்று சொல்லும் அளவுக்குப் பேசப் பழகிவிட்டாள். பேச்சைப் பழகலாம், முகத்தை என்ன செய்வது? அந்த முகத்தை, சிறுத்த கண்ணும் சப்பை மூக்கும் மேடிட்ட கன்னமுமாக, அச்சுப் பிசகாமல் எனக்குக் கொடுத்திருந்தாள்.

பள்ளியில் எனக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 'நேபாளி', 'சைனா செட்டு', 'மோமோ'. ஆண்டு விழா நாடகத்தில் சீன யாத்ரீகர் வருகிற காட்சி இருந்தால் அது எனக்குத்தான். "மேக்கப் செலவு மிச்சம்" என்று டீச்சர் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒன்பதாம் வகுப்பில் தேர்த்திருவிழாக் கடையில் கறுப்புத் தடிச் சட்டம் போட்ட ஒரு பவர் இல்லாத கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்டால் கண் அவ்வளவாகத் தெரியாது. தூங்கும்போது தவிர அதைக் கழற்றியதில்லை.

அந்த வருடம்தான் எனக்குத் திரட்டிச் சீர் வைத்தார்கள். பெண் பெரியவளானதற்குச் செய்யும் அந்தச் சீரில் தாய்மாமன் வந்து மாலை போட வேண்டும், ஓலை கட்ட வேண்டும், தட்டு எடுத்து வர வேண்டும். அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, கணக்காகச் சொல்லிவிட்டார்: "தாய்மாமன் இல்லாத சீரு தண்ணி வராத போருங்க. எத்தன அடி போட்டாலும் புழுதிதான்." வேறு யாராவது முறைக்கு நிற்கட்டும் என்று பேச்சு வந்தபோது அம்மா விடவில்லை. "என்ற கூடப் பொறந்தவன் இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க அண்ணி? எங்கூருலயும் மாமன்தானுங்க ஊட்டுக்கு மொத ஆளு" என்றாள். மாமாவுக்குப் போன் போட்டு வழி சொன்னாள். தமிழ் தெரியாதே, புது ஊரில் எப்படி நடந்துகொள்வது என்று அவர் தயங்கினாராம். பயப்படாதே, அங்கேயும் இங்கேயும் ஒரே முறைதான், யாரைப் பார்த்தாலும் வெற்றிலை பாக்கு நீட்டு, மரியாதை தானாக வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஊரில் அப்படித்தான். வழிப்போக்கனுக்குக்கூட வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி ஒரு துண்டு ஈரப் பாக்கை வைத்து நீட்டுவார்கள். 'குவாய்' என்பார்கள்.

எனக்கோ அவர் வருவதே பிடிக்கவில்லை. அம்மா மட்டும் என்றால் ஏதோ ஒரு பெண்ணுக்கு மூக்கு சப்பை என்று போய்விடும். அதே முகத்தோடு இன்னொருவர், என் வகுப்பே சாப்பிட வரும் மண்டபத்தில், மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால்? அவருடைய ரயில் ரத்தாக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் போன்களில் வாட்ஸ்அப் வழியாக அந்தக் குரல் வரத் தொடங்கியது. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஒன்று நம் பக்கம் இறங்கியிருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பார்த்தால் விடாதீர்கள் என்று ஒரு ஆண் குரல், மூச்சிரைத்துக்கொண்டே பேசியது. பள்ளி வேனில் டிரைவரின் போனில் நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். "சின்னக் கண்ணு, சப்ப மூக்கு, இந்தி பேசுவானுங்க" என்று அந்தக் குரல் அடையாளம் சொன்னபோது வேனில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேலி செய்தால்கூடப் பழகிய விஷயம். யாரும் பார்க்காதது எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் பிடிக்கப் போகும்போது கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுப்போகிற பக்கத்து வீட்டுப் பெண், அந்த வாரம் ஒரு இடுப்பில் குழந்தையும் மறு இடுப்பில் குடமுமாகப் போனாள். அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். பகலில் எங்கள் வீட்டுக் கதவை அதற்கு முன் தாழிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஒடிசாவில் ரிக்கோடு இருந்தார். சீருக்கு முதல் நாள்தான் வருவார்.

மாமா வருகிற அன்று சாயங்காலம் எங்கள் ஊர் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே பள்ளி வேன் நின்றுவிட்டது. ரோட்டில் பைக்குகள் கோணல்மாணலாகக் கிடந்தன. நிழற்குடையைச் சுற்றிக் கூட்டம். நடந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய மாமா, அங்கே குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளுக்கு மரியாதையாக வெற்றிலை பாக்கு நீட்டியிருக்கிறார். அந்த அம்மாளும் வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்தான், வாங்கிப் போட்டுக்கொண்டார். ஊறல் பாக்கு பழகாத உடம்பைக் கொதிக்க வைக்கும். வியர்த்து, தலை சுற்றி, அப்படியே சாய்ந்துவிட்டார். குழந்தை வீறிட்டது. மாமா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு பைக் வந்தது.

"ஏஞ்சாமி, நீ எறங்காத" என்றார் வேன் டிரைவர். நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். "உன்ற மூஞ்சியப் பாத்தா உன்னையும் சேத்துப் போட்டுருவானுங்க. குனிஞ்சு உக்காந்துக்க, உங்க ஊட்டுக்கு நான் சுத்திக் கொண்டுபோயி உட்டர்றேன்."

குனிந்தேன். குனிந்த இடத்திலிருந்து கால்களுக்கு நடுவே ஒரு பை கிழிந்து பாக்கு ரோட்டில் உருள்வது தெரிந்தது. ஜன்னல் மூடியிருந்தும் அந்த வாடை எனக்கு வந்தது. இதுவரை பார்த்தேயிராத மனிதர், என் சீருக்கு வந்தவர். நான் குனிந்தே இருந்தால் இன்று செத்துப்போவார் என்று தெரிந்தது. இறங்கினேன்.

மாமாவின் கைகளைத் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கம்பத்தோடு சேர்த்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் தெருக்கோடித் தறிப்பட்டறைக்காரர், அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடுகிறவர். நான் கண்ணாடியைக் கழற்றினேன். மாமாவின் பக்கத்தில் போய் நின்று, "மூஞ்சியப் பாருங்கண்ணா, ரெண்டும் ஒரே மூஞ்சி. என்ற தாய்மாமனுங்க, என்ற சீருக்கு வந்துருக்காருங்க" என்றேன்.

"அப்ப இவளும் அந்தக் கூட்டந்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ரோட்டில் கிடந்த பாக்கில் ஒன்றை எடுத்துப் பல்லால் தோலுரித்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்றேன். காது சூடாகியது, முதுகில் வியர்வை ஓடியது. தள்ளாடினால் மருந்து என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்ததில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "என்னத்துக்குங்க அவரக் கட்டிப்போட்டிருக்கீங்க? பாக்கு சொக்கிருச்சு, வேறொண்ணுமில்லீங்க" என்றார்.

கூட்டம் கலைந்தது. பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்.

சீர் குறித்தபடி நடந்தது. வீங்கிய உதட்டோடு மாமா எனக்கு மாலை போட்டார். பட்டறைக்காரர் குடும்பத்தோடு வந்து, பந்தியில் உட்கார்ந்து, ரசம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். "பாத்தியா, மாமன் வந்தான், சீரு நெறஞ்சுது" என்று பெரியத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நான் கண்ணாடி போடாமல் பள்ளிக்குப் போனேன். 'மோமோ' என்றார்கள். ஆமாம், அதுக்கென்ன என்றேன். இந்த முகம் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்ற நினைப்பு எனக்குள் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது, இன்றுவரை கரையவில்லை.

இப்போது அஸ்தம்பட்டியில் வேலை, அங்கேயே வீடு. அந்த நிழற்குடை ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டது. அந்தக் குரல் போகவில்லை. எப்போதாவது வேறு ஊர்ப் பெயரோடு என் போனுக்கே வருகிறது. போன வருடம் என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். பாக்கு கொண்டுவரவில்லை. மண்டபத்தில், தத்தித் தத்தி நடக்கிற ஒரு குழந்தை, யாருடையதோ, அவரிடம் ஓடிவந்து தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டியது. மாமா நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.