பாதியில் நின்ற நெற்றி

கல்வராயன் மலைப்பாதையின் ஒரு வளைவில், ஜீப் ஓட்டுநரின் விரிசல் விழுந்த கைப்பேசியைப் பிடித்தபடி தலைவர் நின்றார். திரையில், எங்கள் சங்கத் தளத்தின் முகப்பில், தலைவர் படத்தின் நெற்றி மட்டும் வந்திருந்தது, விபூதிப் பட்டையோடு. கீழே வெறும் வெள்ளை. அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “அன்னிக்கி இதத்தான் பாத்துக்கினு நின்னேன் தலைவரே. கண்ணு, மூக்கு ஒண்ணும் வரல” என்றார் ஓட்டுநர். குரலில் கோபம்கூட இல்லை.

தலைவர் கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்தவர். எங்கள் ரத்ததானச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். ஃப்ளெக்ஸ் பேனர் போட்டுப் பிழைத்தவன் கையில் இணையதளம் கிடைத்தால் அதுவும் பேனர்தான் ஆகும். காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும், எங்கள் ஊர் பேனரில் ஒரு முகம் விட்டுப்போனால் சண்டை வரும். ஆகவே முகப்பில் தலைவர், அவருக்குக் கீழே உறுப்பினர்கள் எல்லாரும், கேமராவில் எடுத்த படக்கோப்பின் கனம் குறையாமல். கூடவே வரவேற்பு இசை. ரத்தப் பிரிவும் கைப்பேசி எண்ணும் அடிமட்டத்தில். “மூஞ்சி இல்லாம வெறும் நம்பர் போட்டா எவன்பா ரத்தம் குடுக்க வருவான்?” என்பார் தலைவர். என் கடையில் இருந்த வேகமான இணைப்பில் எல்லார் பல்லும் பளிச்சென்று தெரிந்தது. நானும் என் பல்லைத்தான் முதலில் பார்த்தேன்.

ஓட்டுநரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத பிரிவு. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் கொடுக்கிறவரை வரச் சொல்லிவிடுங்கள் என்று மலை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பினார். வழியில் சிக்னல் கிடைப்பது அந்த வளைவில்தான். மனைவியை ஏற்றி வந்த ஜீப்பை அங்கே நிறுத்தி எங்கள் தளத்தைத் திறந்தார். நெற்றி வந்தது. அதற்கு மேல் நிற்கப் பயந்து கிளம்பிவிட்டார். ஊருக்குள் வந்து எண்ணைப் பார்த்து அழைத்தபோது, சின்னசேலத்திலிருந்து ஒருவர் மறுபேச்சில்லாமல் பைக்கில் வந்தார். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண் இல்லை. குழந்தை இருந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

வளைவில் தலைவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “எல்லா மூஞ்சியும் எடுத்துடுப்பா. மொதல்ல எம்மூஞ்சிய எடு.”

“சங்கத்துல அடிதடி ஆயிடும் தலைவரே.”

“ஆவட்டும்.”

ஆனது. சிலர் விலகினார்கள். படமும் இசையும் போயின. எழுத்தும் எண்ணும் முதலில் வரும்படி செய்தேன். ரத்தப் பிரிவைத் தொட்டதும் அந்தக் கட்டம் நிறம் மாறும். தொட்டது பதிந்துவிட்டது என்று கை நடுங்குகிறவருக்குத் தெரியவேண்டும். கடையில் திறந்து காட்டினால் தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே ஜீப், அதே வளைவு, அதே கைப்பேசி. “இங்க தொறக்குதா பாரு. கீழ எல்லாந்தான் தொறக்கும்.” மலை ஏறினால் எனக்கு வாந்தி வரும். தளம் இளைத்த அந்தக் காலத்தில்தான் நானும் கொஞ்சம் இளைத்தேன்.

போன மாதம் தலைவர் இறந்தார். ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர், வடிவமைத்தவன் நான். தளத்தின் முகப்பிலும் படம் வேண்டும் என்றார்கள் சங்கத்தார். ஒன்றைச் சின்னதாகச் சுருக்கி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கனமே இருக்காது என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

“அவரே எடுக்கச் சொன்னதுதான? நீ இன்னாத்துக்குண்ணா திரும்ப ஏத்தற?”

ஏற்றவில்லை. வளைவில் நின்று ஓட்டுநர் தளத்தைத் திறந்தார். எண்கள் உடனே வந்தன. நெற்றி இல்லை, வட்டம் இல்லை. ஆனால் கொடுப்பவர்கள் வரிசையில் தலைவரின் எண் இன்னும் இருந்தது. அவசரத்தில் ஒருவர் அதை அழைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கேயே நின்று நீக்கினேன்.

ஓட்டுநர் மறுபடி திறந்து பார்த்தார். “இப்ப இன்னும் சீக்கிரம் வருதுண்ணா” என்றார்.

ஒரு வரி குறைந்ததற்கு அப்படியெல்லாம் வேகம் கூடிவிடாது. “ஆமா” என்றேன்.