டீசல்காரர் இரவல் வாங்கிய பெட்ரோல் வண்டி

கார்களைப் பற்றி இணையத்தில் நான் நடத்தும் பக்கத்துக்கு ‘டீசல் வாங்கவா, பெட்ரோல் வாங்கவா?’ என்று கேட்டு மின்னஞ்சல்கள் வரும். இந்த வாரம் அவற்றுக்கு நடுவே தங்கப்பண்ணனின் மகன் அனுப்பிய ஒரு வரி இருந்தது: ‘சேவியர் மாமா போயிட்டாரு. நாளைக்கு அடக்கம்.’

பாறசாலை டாக்ஸி ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு அவரைத் தெரியும். அவருடையது வெள்ளை அம்பாசிடர், டீசல். தங்கப்பண்ணனுடையதும் வெள்ளை அம்பாசிடர்தான், ஆனால் பெட்ரோல். சவாரி இல்லாத நேரமெல்லாம் இருவருக்கும் இதே தர்க்கம். நான் அதைக் கேட்பதற்கென்றே அங்கே போவேன்.

“ஒனக்க வண்டியில ஏறி எறங்குனா பல்லெல்லாம் இருக்காண்ணு தடவிப் பாக்கணும்லே” என்பார் தங்கப்பண்ணன்.

“ஒனக்க வண்டி பெட்ரோல் பங்கக் கண்டா தானாட்டு நிக்குமே! எனக்கது ஒருக்க நெறச்சா கன்னியாரி போயிட்டு வருமாக்கும்” என்பார் சேவியரண்ணன்.

இணையத்தில் படித்த இழுவிசைக் கணக்கையெல்லாம் நான் அவிழ்த்துவிடுவேன். “மக்கா, இதையெல்லாம் அந்தப் பெட்ரோல்காரனுக்குச் சொல்லு” என்று சேவியரண்ணன் திருப்பிவிடுவார்.

ஒருமுறை சேவியரண்ணனின் மனைவி மேரியக்காவுக்கு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் வண்டி குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேவியரண்ணன் தங்கப்பண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“எலே, ஒனக்க வண்டிய ஒரு நேரம் தா. மேரிக்குத் தையலு உண்டு.”

“ஸ்டாண்டு முழுக்கக் கேக்க, பெட்ரோலு நல்லதுண்ணு ஒருக்க சொல்லு.”

சத்தமாகவே சொன்னார். சாவிகள் கைமாறின.

திரும்பும் வழியில், இரவல் வண்டியை வெறும் டாங்கோடு கொடுக்கக் கூடாதென்று அமரவிளைப் பக்கம் ஒரு பங்கில் நிறுத்தினார். “நெறச்சு விடு” என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்சீட்டில் மேரியக்காவுக்குத் தலையணையைச் சரிசெய்தார். பங்குப் பையனுக்கு அது வருடக்கணக்காக டீசல் போட்டுப் பழகிய முகம், வண்டியும் அதே வெள்ளை அம்பாசிடர். டீசலை நிறைத்தான்.

வண்டி இருமி, புகைந்து, உதியன்குளங்கரையில் நின்றது. சேவியரண்ணன் பூத்திலிருந்து ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். டீசல் வண்டியில் தங்கப்பண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தோம். சண்டை வரும் என்றே நினைத்தேன். தங்கப்பண்ணன் டாங்கு மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“எலே சேவியரே, எனக்க வண்டிய மதம் மாத்திப்போட்டியா?”

மேரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வைக்காதீங்கண்ணா, தையலு இழுக்குது.”

வேறு வழியில்லை, டீசல் வண்டிதான். சேவியரண்ணன் பின்னால் ஏறிக்கொள்ள, தங்கப்பண்ணன் ஓட்டினார்.

“இது நிக்கும்பதான் ரொம்பக் குலுக்கும். நிறுத்தாதே” என்றார் சேவியரண்ணன், பின்சீட்டில் மேரியக்காவின் தலையை மடியில் தாங்கியபடி. அத்தனை வருடத் தர்க்கத்தில் அவர் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளாத விஷயம் அது. தங்கப்பண்ணன் மெதுவாக, ஆனால் எங்கேயும் நிற்காமல் ஓட்டினார். பாறசாலை ஜங்ஷனில் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி நான் பஸ்களை விலகச் சொல்லிக் கை காட்டினேன். “மாறிக்கோ! மாறிக்கோ!” வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மேரியக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஸ்டாண்டில் யாராவது எந்த வண்டி நல்லது என்று கேட்டால் சேவியரண்ணன் டீசல் என்று சொல்வதில்லை. “ஆரு ஏறுகா? எம்பிடு தூரம்?” என்றுதான் கேட்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, யார் ஏறுவார்கள், எவ்வளவு தூரம் என்ற அந்த இரண்டு கேள்விகளைத்தான். இன்று ஒருவர் எழுதியிருக்கிறார்: தினமும் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகவேண்டும், இடையிடையே முதுகுவலிக்கார அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். பெட்ரோல் வாங்குங்கள் என்று பதில் போட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு வரி சேர்த்தேன்: பங்கில் கீழே இறங்கி நின்று, என்ன ஊற்ற வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.