எல்வுட்டின் கண்ணுக்கு வந்த பழி

எல்வுட் ஹாக்கன்பெரி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வகுப்பில் உட்கார்ந்திருந்தான், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான், அவ்வளவுதான். பெரியவனானதும் குளிர்காலத்தில் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். கோடையில் அதே சாலைகளின் குழிகளை அடைத்தான். பேச்சு குறைவு. அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்க வேண்டுமென்றால் விடிந்ததும் போய் உட்கார வேண்டும், மதியச் சாப்பாட்டையும் கையோடு கட்டிக்கொண்டு.

ஆனால் சுடுவான். அப்படி ஒரு குறி.

எங்கள் பென்சில்வேனியா மலையில் நவம்பர் கடைசித் திங்கள்கிழமை மான் வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால் அல்ல, வாத்தியார்கள் வரமாட்டார்கள் என்பதால். எல்வுட்டின் கையில் இருந்தது அவன் அப்பா விட்டுப்போன துப்பாக்கி. பிடிக்கட்டை விரிசல்விட்டு, கறுப்பு டேப் சுற்றியிருக்கும். குழலில் என்ன நிறம் இருந்தது என்று அவன் அப்பாவுக்கே மறந்திருக்கும். அதை அவன் தோளுக்குத் தூக்கினால் மான்கள் உயில் எழுதத் தொடங்கிவிடும் என்பார்கள். கடைத்தெரு மணிக்கூண்டுக் கடிகாரம் பின்தங்கி ஓடியபோது, தன் வீட்டு வாசலில் நின்றே முள்ளைச் சுட்டு, சரியான நேரத்துக்குத் தள்ளிவைத்தான் என்றும் ஒரு கதை உண்டு. அது நான் கட்டிவிட்டது. பல வருஷம் கழித்து ஒரு பெரியவர் அதை எனக்கே சொன்னார், தன் கண்ணால் பார்த்ததாக. நான் மறுக்கவில்லை.

மலைமேல் ஆண்கள் தங்கும் வேட்டை முகாமில் ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனை அன்று மாலை அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி, அவன் சட்டையின் பின்வாலைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். பெயரும் வருஷமும் மையால் எழுதி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுவார்கள். தகப்பன் சட்டைக்குப் பக்கத்தில் மகன் சட்டை, மாமனார் சட்டைக்குக் கீழே மருமகன் சட்டை. எங்கள் போதகரின் சட்டையே நான்கைந்து தொங்கும். எல்வுட்டின் சட்டை மட்டும் கிடையாது.

அவன் மனைவி வெர்னா கலகலப்பானவள். புருஷன் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுவாள். அந்தப் பழைய துப்பாக்கியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு குறுகும். ஊரிலேயே நல்ல வேட்டைக்காரனுக்கு டேப் சுற்றின கட்டையா? எல்வுட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், அவனுக்குத் தெரியாமல் அதைக் கடைக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு, தான் சேர்த்து வைத்ததையும் மேலே போட்டு, புத்தம் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே இருந்தது. குழலின் அடியில், இரும்பிலேயே, ‘எல்வுட்டுக்கு, வெர்னா’ என்று பொறிக்கவும் சொல்லியிருந்தாள்.

சமையலறை மேசையில் அதை வைத்தபோது நானும் இருந்தேன். ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

“எப்படி இருக்கு? சொல்லேன்! கல்லுகூட இந்நேரம் பேசியிருக்கும்.”

எல்வுட் அந்த எழுத்துகளை விரலால் தடவினான். “பழசு எங்க?”

“அதையா கேக்கற? கடையில தள்ளிட்டேன். அதை வாங்கிக்கிட்டதே பெரிய தர்மம். கடைக்காரன் என்னைப் பாவமாப் பாத்தான்.”

அவன் முகத்தில் ஒன்று வந்தது, போனது. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, ஆப்பிள் பையை வெட்டக் கத்தி எடுக்கத் திரும்பியிருந்தாள். “ரொம்ப அழகா இருக்கு வெர்னா,” என்றான் எல்வுட். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றிருக்கிறான். பழையது முந்தின நாள் மாலையே போய்விட்டதாம். வாங்கினது யாரோ வெளியூர்க்காரன், பெயர்கூடத் தெரியாது.

அந்த வாரமே தன் தோழன் டூயியோடு கல் குவாரிக்குப் போய்ப் புதியதைச் சுட்டுப் பார்த்தான். பழைய துப்பாக்கியில் அவன் சுட்ட துளைகளை ஒரு சோடா மூடியால் மூடிவிடலாம். புதியதில் ஒன்று வலப்பக்கம், ஒன்று மேலே, ஒன்று குறி அட்டையிலேயே இல்லை. மறுநாள் பார்த்தால் வேறு பக்கம். தோட்டாவை மாற்றினார்கள். மேலே பொருத்தும் தொலைநோக்கியை மாற்றினார்கள். கட்டை குழலை நெருக்குகிறதோ என்று உள்பக்கம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குழலைக் குடைந்ததிலேயே கோளாறு. டூயி தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் பேசினான்.

“என்ன சொல்றாங்க?” என்றான் எல்வுட்.

“நூறு கஜத்துல ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ள விழுந்தா அது நல்ல துப்பாக்கியாம். தட்டுல அடிக்கறதுக்கு மானை என்ன பரிமாறியா வெச்சிருக்கு? இவனுங்க கடைசியா எதைச் சுட்டானுங்க, தயிரையா?”

எல்வுட் சிரிக்கவில்லை.

“கடையில திருப்பிக் குடுத்துடு.”

“பேரு பொறிச்சிருக்கு.”

“அப்ப குழலை மட்டும் மாத்து.”

“பேரு குழல்லதான் பொறிச்சிருக்கு.”

“அப்ப வெர்னாகிட்ட உண்மையச் சொல்லுடா!”

எல்வுட் துளை விழுந்த அட்டையைக் கழற்றி மடித்தான். பிறகு, அவன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு என்று டூயி இன்றும் சொல்லும் அதைப் பேசினான். “அப்பாவோட துப்பாக்கியக் குடுத்துட்டு இதை வாங்கிட்டு வந்திருக்கா. இது கெட்டதுன்னு சொன்னா, அதைக் குடுத்தது தப்புன்னும் சேர்த்துத்தான் சொன்னதா ஆகும். தூங்கமாட்டா டூயி. நீயும் சொல்லக்கூடாது.”

அந்த நவம்பரில் எல்வுட் தவறவிட்டான். சட்டை வால் போனது. அடுத்த நவம்பரிலும் போனது. வெட்டுப்பட்ட இடத்தில் வெர்னா ஜன்னல் திரை, தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கேலியும் கூடவே வந்தது.

“கிழவா, மான் எந்தப் பக்கம் இருக்குன்னு நான் வேணா வந்து கையக் காட்டட்டுமா?”

“என்னவோ தெரியல. கண்ணு சரியில்ல போல.”

அதுதான் அவன் செய்த தப்பு. கண் என்று ஒரு வார்த்தை விட்டான், அவள் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊர்க் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் எனக்குத் தூரத்துச் சொந்தம். எல்வுட் இறந்த பிறகு என்னிடம் சொன்னார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சோதித்தாராம். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தானாம். பிறகு, “டாக்டர், எனக்கு ஒரு கண்ணாடி வேணும்” என்றானாம்.

“உங்களுக்கு எதுக்குங்க கண்ணாடி?”

“வேணும்.”

பவர் இல்லாத வெறும் கண்ணாடி வைத்த மூக்குக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வெர்னாவுக்கு ஒரே மகிழ்ச்சி. அதற்குப் பிறகு கண்ணாடியைத் தேடுவது, துடைப்பது, அதன்மேலேயே உட்கார்ந்து எழுவது எல்லாம் அந்த வீட்டில் தினசரி வேலையாயிற்று.

கண்ணாடி வந்த பிறகும் தவறினால் என்ன காரணம் சொல்வது? அந்த வருஷம் டூயி தன் துப்பாக்கியை நீட்டினான். முதல் நாள் காலையிலேயே பெரிய கிளைக்கொம்பு மான் ஒன்று விழுந்தது. எல்வுட் வீட்டுக்கு வந்து வெர்னாவிடம், “உன்னோட துப்பாக்கிதான்” என்றான்.

வெர்னா அழுதேவிட்டாள். சர்ச் விருந்தில் பன்றித்தொடையும் பீன்ஸும் போட்ட சூப்பை ஊற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் சொன்னாள். “துப்பாக்கிமேல தப்பில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். இந்த மனுஷன் கண்ணுதான்!” சொல்லச் சொல்ல ஆசை பெருகி, அடுத்த வருஷம் தானும் உரிமம் எடுத்து அவன்கூடவே காட்டுக்கு வருவதாக அறிவித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த எல்வுட் கரண்டியைக் கீழே வைத்தான்.

அந்தத் திங்கள்கிழமை நல்ல பனி. இரண்டு பேரும் ஆரஞ்சு நிறக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவள் இருக்கிறாள், டூயியின் துப்பாக்கிக்கு வழியில்லை. வெயில் ஏறியபோது ஒரு கலைமான் ஓடை இறக்கத்தில் வந்து நின்றது. கிட்டத்தில்தான். அவன் சுடாமல் இருந்திருக்கலாம். அவள் அவன் முழங்கையைக் கிள்ளி, “சுடு, சுடு” என்று உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தாள். சுட்டான்.

மான் முதுகை வளைத்துத் துள்ளியது. நெஞ்சுக்குப் போக வேண்டிய தோட்டா அடிவயிற்றில் போயிருந்தது. வேட்டைக்காரர்களுக்கு அந்தத் துள்ளல் தெரியும். அது சாக நேரமாகும். ஒரு பகல் முழுக்க ஆகும்.

அதுவரை எல்வுட்டின் கையால் எந்த மானும் அப்படிப் போனதில்லை. பனியில் முழங்காலிட்டு ரத்தப் பொட்டு தேடினான். கிடைத்த இடத்திலெல்லாம் அடையாளத்துக்குக் காகிதத் துண்டைக் கிள்ளிச் செடியில் செருகினாள் வெர்னா. மேடு ஏறினார்கள், முள்ளுக்குள் போனார்கள். பொட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. நடுவில் மான் படுத்திருந்த இடம் ஒன்று இருந்தது. பனி உருகிக் குழியாகி, வயிற்றுத் தீனியின் பச்சையும் ரத்தச் சிவப்புமாக. அந்த இடத்தில்தான் அவள் நின்றாள்.

“எல்வுட். உன் கை ஆடவே இல்ல.”

அவன் குழியின் ஓரத்துப் பனியைக் கிளறினான்.

“நான் உன்னை ஒட்டித்தான் உக்காந்திருந்தேன். நீ மூச்சுகூட விடல. கல்லு மாதிரி இருந்த.”

“கண்ணாடியில பனி படிஞ்சிருச்சு வெர்னா.”

“கண்ணாடிய நீ கழட்டிப் பையில வெச்சுட்டுத்தான் சுட்ட.”

உண்மைதான். சுடும் நேரத்தில் கை தன்னால் போய்க் கழற்றியிருந்தது. எல்வுட் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

“அதான் சரியாத் தெரியல,” என்றான்.

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “இதுதானே? ஆரம்பத்துலேர்ந்தே இதுதானே?”

“இல்ல.”

“சொல்லேன். திட்டேன். அப்பாவோடத எடுத்துக் குடுத்தியேடி பாவின்னு ஒரு தடவை திட்டு. நான் தாங்கிக்குவேன்.”

“என் கண்ணுதான் வெர்னா,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பொட்டைத் தேடி மறுபடி முழங்காலிட்டான்.

பொட்டு ஓடைக்கரையில் நின்றுபோனது. அக்கரையில் ஒன்றுமில்லை. பொழுது சாயும்வரை மேலும் கீழுமாகத் தேடினார்கள். மறுநாள் முகாம் முழுவதும் வந்து தேடியது. மான் கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு எல்வுட் காட்டுக்குப் போகவில்லை. நவம்பர் கடைசித் திங்களன்று வாசலில் பனியைத் தள்ளுவான். அன்று பனி பெய்யாமல் இருந்தாலும் தள்ளுவான். வெர்னா அவனிடம் எத்தனையோ முறை, கெஞ்சியும் கோபித்தும், படுத்த பிறகு மெதுவாகவும் கேட்டிருக்கிறாள். ஒரே பதில்தான். கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினான். ஒரு மார்ச் மாதம் நெஞ்சுவலி வந்து, பனி தள்ளும் மண்வாரியைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தவன் எழவில்லை.

அடக்க ஆராதனையில் சர்ச் நிறைந்திருந்தது. முகாம் ஆட்கள் எல்லோரும், கழுத்தை நெரிக்கும் டையோடு, இரண்டு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். போதகர் நல்லவிதமாகத்தான் பேசினார். “இந்த மலை கண்ட மிகச் சிறந்த வேட்டைக்காரர். கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டபோதும், மனம் தளராமல்...”

“இல்ல,” என்றாள் வெர்னா.

முதல் வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். “மன்னிச்சுக்கோங்க போதகரே. அவன் கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. நான் வாங்கிக் குடுத்த துப்பாக்கிதான் கெட்டது. நான்தான் நல்லதைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வந்தேன். இது எல்லாருக்கும் தெரியணும்.”

டூயிதான் தொண்டையைக் கனைத்தான்.

“தெரியும் வெர்னா.”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.” அவள் திரும்பி அந்த இரண்டு வரிசைகளையும் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. “எல்லாருக்குமா?”

“முதல் வருஷத்துலேர்ந்து,” என்றான் டூயி.

“பின்ன எதுக்குடா வருஷா வருஷம் அவன் சட்டைய வெட்டுனீங்க?”

“அவன்தான் வெட்டச் சொன்னான். தவறவிட்டும் வெட்டாம அனுப்புனா, நீ ஏன்னு கேப்பியாம்.”

வெர்னா பெட்டியின் பக்கம் திரும்பினாள். மூடியின்மேல் கையை வைத்தாள்.

“முட்டாளே,” என்றாள். “அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். ஒரே ஒரு நாள்.”

போதகர் விட்ட இடத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. டூயி எழுந்து முன்னால் போனான். அவள் பக்கத்தில், எல்வுட் வழக்கமாக உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கடுத்த இடத்தில் உட்கார்ந்தான்.