மைனி முடிச்சுப் போட்ட படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள் ஒரு தயக்கம். எழுத உட்கார்ந்து, விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி எழுந்துபோன நாட்கள் உண்டு. அடுத்த வீட்டுக் காரியத்தை ஊருக்குச் சொல்வது சரியா என்று ஒரு பயம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு நின்றவள் எழுதினால் யார் படிப்பார்கள் என்று இன்னொரு பயம். இப்போது அந்த வீட்டுக்காரர்களே எழுதச் சொல்லிவிட்டார்கள். முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, தெரிந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்து, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ரூமுக்கு மேலே, இரும்பு ஏணி வைத்து ஏறுகிற மாடியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கீழே குக்கர் விசில் கத்திக்கொண்டிருக்கும். மேலே நான் ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் பனிமலையில் நிறுத்திக்கொண்டிருப்பேன்.

பனிமலை, அருவி, ஆள் உயர ரோஜாப்பூ, அதற்குள் இரண்டு முகம், பின்னால் பெரிய நிலா. இதெல்லாம்தான் கேட்பார்கள். படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. கல்லி என்று நாங்கள் சொல்கிற இந்தச் சந்தில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தனியாக நிற்க எங்கே இடம் இருக்கிறது? ஒரே ரூமில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார். கடவுள் அவர்களுக்கு ஒரு பால்கனி கொடுக்கிறவரை நான் கொடுக்கிற மலை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வேலையிலும் கவனம் வேண்டும். ஒரு தடவை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி வரட்டும் என்று பெண்ணின் படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது மூக்குக்குப் போய்விட்டது. முந்தானை வலது தோளுக்கு வந்துவிட்டது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் பாதி ஏறி நின்று சத்தம் போட்டார்.

"ஏ தாயி! திருநெல்வேலிப் பிள்ளைய கட்டிக் குடுத்தா, நீ குஜராத்திப் பிள்ளையால்லா ஆக்கி வச்சிருக்க!"

குஜராத்திப் பெண்கள்தான் முந்தானையை வலது தோளில் போடுவார்கள். கல்லியே சிரித்தது. அதன்பின் நான் மூக்கைப் பார்க்காமல் எந்த முகத்தையும் திருப்புவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லியில் ஒரு தம்பி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டார்கள். வளர்த்தது கூடப் பிறந்த அக்கா. அந்த அக்காவும் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். துணி தைக்கிற கார்கானாவில் சட்டைகளுக்குப் பட்டன் தைத்து, தொங்குகிற நூலை வெட்டிக் கொடுத்து, அந்தச் சம்பாத்தியத்தில் தம்பியைப் படிக்க வைத்தார். தம்பி முலுண்டில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். செம்பூரில் பெண் பார்த்து, மாட்டுங்காவில் ஹால் பிடித்துக் கல்யாணம். படம் எடுத்தது என் வீட்டுக்காரர்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மீதி இரண்டையும் அவர் கூடப் பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். புருஷனை இழந்தவள் என்றால் போடக்கூடாது. அதனால் சித்தப்பா மகள் ஒருத்தி வந்து போட்டாள். அந்த நேரம் அக்கா பந்திக்கட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே போனார். எனக்கும் அன்று அது வித்தியாசமாகப் படவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து புருஷனும் பெண்டாட்டியும் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். வழக்கம்போல மலையையும் நிலாவையும் காட்டினேன். அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை. தாலி கட்டுகிற படத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இதுல எங்க மைனி கை வரணும்."

புருஷனின் அக்காவை எங்களில் மைனி என்றுதான் கூப்பிடுவோம்.

"கை எங்கம்மா வரணும்?"

"இந்தா, இந்த முடிச்சுல."

நான் அவள் புருஷனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "போட்டோலதானக்கா. அன்னைக்கு நான் முதல் முடிச்சு போட்டுட்டு நிமிந்து பாத்தேன். எங்க அக்கா நிக்க வேண்டிய இடத்துல அக்கா இல்ல. அந்தப் படத்த என்னால பாக்க முடியல."

தினமும் குளித்ததும் தாலிக்குக் குங்குமம் வைத்து, என் வீட்டுக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறவள் நான். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகத் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "மனுசன தூக்கி நிலாவுல வைக்க பயம் இல்ல. ரெண்டு கைய வைக்கதுக்குப் பயப்படுதியாக்கும்?"

சரி, படத்தில்தானே என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு அக்காவின் கையைத் தேட ஆரம்பித்தேன். அத்தனை படங்களையும் பார்த்தேன். ஒரு படத்தில் அட்சதைத் தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் அள்ளிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் சாம்பார் வாளியைப் பிடித்த கை. தூணுக்குப் பின்னால் கும்பிட்ட இரண்டு கை மட்டும் ஒரு படத்தில் தெரிந்தது. வளையல் இல்லாததை வைத்து அவர்தான் என்று கண்டுபிடித்தேன். முடிச்சுப் போடுகிற மாதிரி விரல் மடங்கிய படம் ஒன்றுகூட இல்லை. நிலாவை எங்கிருந்தும் எடுத்துவிடலாம். அவர் கையை அவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

அவரையே கூட்டிவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்தபின் வாருங்கள் என்றேன்.

"போட்டோவுக்கு எதுக்குட்டி ராகு காலம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் காலண்டரை எடுத்து நேரத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

கார்கானாவில் சாப்பாட்டு நேரத்துக்கு விட்டதும் அக்கா வந்தார். சேலையில் அங்கங்கே நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்குக் கை மட்டும் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து ஸ்டூலில் வைத்தார்.

"அக்கா, இந்தக் குடத்தப் பொண்ணுன்னு நெனச்சுக்கிடுங்க."

"நல்ல குண்டுப் பிள்ளையால்லா பாத்திருக்கிய," என்று சிரித்தார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். கூச்சம் போய்விட்டது.

அவரும் சளைக்காமல் கட்டிக்கட்டி அவிழ்த்தார். எடுத்ததை மேலே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் எடுக்கக் குடத்துக்குக் கயிறு கட்டுகிற மாதிரியே இருந்தது. கழுத்து என்றால் விரல் ஒரு பயத்தோடு மடங்கும். குடத்துக்கு அந்தப் பயம் எதற்கு? போதாததற்கு, பளபளப்பில் கேமராவோடு என் வீட்டுக்காரர் முகமும் தெரிந்தது. ஏணியில் நின்றபடியே, "வேலைக்கு ஆகாது. கழுத்து வேணும்," என்றேன்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். குடத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு சடையை முன்னால் தூக்கிப் போட்டாள். தன் தாலிக் கயிற்றை வெளியே எடுத்துவிட்டாள். கல்யாணத்தன்று போட்ட மூன்று முடிச்சுக்குக் கீழே கயிற்றின் இரண்டு நுனியும் தொங்கின.

"மைனி, இதுல போடுங்க."

அக்கா சுவர்வரைக்கும் பின்னால் போய்விட்டார். "வேண்டாம் தாயி. நான் குடத்துக்கே கட்டுதேன். எத்தன தடவ வேணும்னாலும் கட்டுதேன்."

"குடம் என்ன, ஒங்க தம்பிக்கா வாக்கப்பட்டிருக்கு?"

"வெளையாடாத. எங் கை பட்டு ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

"மூணு நேரமும் ஒங்க கைச் சோறத்தான் திங்கோம். அப்ப படாத கையா?"

"சோறு வேற, தாலி வேற."

"அப்ப இன்னைலருந்து சோறும் வேண்டாம். நான் இந்த ஸ்டூல விட்டு எந்திரிக்க மாட்டேன். நீங்க கார்கானாவுக்குப் போங்க."

தம்பி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. செவ்வா வெள்ளி தவறாம கோயிலுக்குப் போறவுக நீங்க. செய்யலாமா?"

எனக்கு என்ன சாஸ்திரம் தெரியும்? என்ன சொன்னாலும் அது இந்தப் பெண் கழுத்தில் போய் விழும். சாமி படத்தைப் பார்த்தேன். பார்த்தால் பதில் கிடைத்துவிடுமா என்ன? ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. அந்தத் தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது இதே அக்கா கோயிலில் நின்று, இவனை மட்டும் எனக்கு விட்டுக் கொடு என்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த வேண்டுதலைக் கேட்டு அருள் செய்த சாமி இந்தக் கையைத் தள்ளுமா?

சாமி முன்னாலிருந்த விபூதியை எடுத்து அக்கா நெற்றியில் பூசினேன். "போடுங்கக்கா," என்றேன்.

அக்கா பக்கத்தில் வந்தார். முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். கண்ணாடி மூக்கில் இறங்கியது, ஏற்றிவிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொன்று. பட்டனுக்கு நூலை முடிக்கிற மாதிரி நகத்தால் அழுத்தி இறுக்கினார். பிறகு கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "இறுக்குதாம்மா?"

"இல்ல மைனி."

கேமரா சத்தம் கேட்டபோதுதான் படம் எடுக்கக் கூடியிருக்கிறோம் என்பதே எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா கார்கானாவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உடனே கிளம்பிவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தக் கையை வெட்டி எடுத்து, ஹால் படத்தில் வைத்தேன். ஹால் வெளிச்சம் மஞ்சள், எங்கள் ரூம் வெளிச்சம் வெள்ளை. அதைச் சரிசெய்ய ரொம்ப மெனக்கெட்டேன். கடைசியில் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. தம்பி வந்து பார்த்தார்.

"ஏக்தம் அசல் மாதிரி இருக்குக்கா."

சொன்னாரே ஒழிய அவர் முகம் தெளியவில்லை. கை அக்காவுடையது. ஆனால் அங்கே பின்னால் நிற்பது சித்தப்பா மகள். தாலியைப் பிடித்த கைக்கு மேலே வேறு முகம். அப்போது அவர் மனைவி, "ரூம்ல எடுத்தத காட்டுங்கக்கா," என்றாள்.

காட்டினேன். கடித்த உதடு, இறங்கிய கண்ணாடி, நெற்றியில் நான் பூசிய விபூதி, சேலையில் நூல். பின்னால் கொடியில் எங்கள் வீட்டுத் துணி, தரையில் குடம். தம்பி கிட்டே குனிந்து பார்த்தார்.

"இதையே வைங்கக்கா."

"பின்னாடி கோபுரம் வச்சுத் தரட்டுமா? கொடியையாவது எடுத்துருதேன்."

"ஒண்ணும் எடுக்காதீங்க."

அப்படியே ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் போட்டேன். பார்த்த சொந்தக்காரர்கள், இது கம்ப்யூட்டர் வேலை, யாராவது நிஜத்தில் விடுவார்களா என்று அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பாள். அக்கா முந்திக்கொண்டு, "ஆமா, கம்ப்யூட்டர்தான்," என்று விடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. அவரே அப்படிச் சொல்லும்போது நான் எப்படி எழுதுவேன்?

போன மாதம் அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்தாள். கல்லியில் இன்னொரு வீட்டில் கல்யாணம் நிச்சயமாகி, மாதிரிக்காக இவர்கள் ஆல்பத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நடுப்பக்கம் வந்ததும் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா, "இது கம்ப்யூட்டர்ல பண்ணினதுல்லா?" என்றாராம். அக்கா வழக்கம்போல ஆமாம் என்று சொல்லப்போகிறார் என்று இவள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"இல்ல. நாந்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு அக்காவே எழுந்து, "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் குடித்துவிட்டுத்தான் போனார்களாம். இதைச் சொல்லி முடிக்குமுன் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, மைனியே சொல்லிட்டாவ. இனி நீங்களும் எழுதுங்க," என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார்கள். அக்கா கை ராசி என்று ஒரு கதை இப்போது கல்லியில் கிளம்பியிருக்கிறது. அதுவும் வேண்டாம். அவரை ஒரு மூலையில் நிறுத்தியதும் நாம்தான், இப்போது தூக்கிப் பீடத்தில் வைக்கப் பார்ப்பதும் நாம்தான். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் சொல்லுங்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஆனால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஒரு அக்கா தன் தம்பி பெண்டாட்டிக்கு இரண்டு முடிச்சுப் போட்டார், இறுக்குகிறதா என்று கேட்டார். நடந்தது அவ்வளவுதான்.